இசே: இருபது ஆண்டுக்கொரு புதுக்கோயில்

அன்புள்ள சார்,

ஜப்பானின் இசே ஆலயம் பற்றிய உங்கள் கட்டுரையில் '1300 ஆண்டுப் பழமை' என்று ஒரு வரி வருகிறது. தேடிப் பார்த்தால், இப்போதுள்ள கட்டடம் 2013-ல் கட்டியதாம். இருபது வருடத்துக்கு ஒருமுறை இடித்துக் கட்டுவார்களாம். இதைப் போய்ப் பழமை என்றால் எப்படி? கெட்டியாகக் கட்டத் தெரியாததை மரபு என்று சொல்லி விளம்பரம் செய்கிறார்களோ?

கா., திருச்சி

அன்புள்ள கா.,

கெட்டியாகக் கட்டத் தெரியாமல் இல்லை. இசேயின் முதல் புதுப்பிப்பு 690-ல், பேரரசி ஜிதோ காலத்தில் நடந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் நாரா பக்கம் எழுந்த ஹோர்யூஜி என்ற பௌத்த ஆலயம் கல் அடித்தளத்தோடும் ஓட்டுக் கூரையோடும் இன்றும் நிற்கிறது, அதுவும் மரக்கட்டடம்தான். இசேக்காரர்கள் அந்த முறையை ஏற்கவில்லை. ஹினோகி என்ற சைப்ரஸ் வகை மரத்தின் தூணை நேரே மண்ணில் நடுகிறார்கள், கூரைக்குப் புல் வேய்கிறார்கள். மண்ணுக்குள் இருக்கும் மரம் இற்றுத்தானே போகும்?

இடித்துக் கட்டுகிறார்கள் என்பதும் சரியில்லை. சூரிய தேவி அமதெராசுவின் உள் ஆலயத்துக்கும், உணவுத் தெய்வம் தொயோஉகேயின் வெளி ஆலயத்துக்கும் பக்கத்திலேயே ஒரே அளவில் ஒரு வெற்று மனை உண்டு. பழையது நிற்கும்போதே அங்கே புதியது எழும். தச்சருக்குச் சந்தேகம் வந்தால் எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். கட்டி முடித்ததும் ஓர் இரவில் தெய்வம் இடம் மாறும். உள் ஆலயத்தில் 2013-ல் அது அக்டோபர் 2, இரவு எட்டு மணி. விளக்குகளை அணைத்துவிட்டு, ஒரு பூசகர் சேவல் போல மூன்று முறை கூவுவார். வெண்பட்டுத் திரைக்குள் மறைத்து, அமதெராசுவின் உருவான கண்ணாடியை எடுத்துப் போவார்கள். அதன் பிறகே பழையதைப் பிரிப்பார்கள்.

அந்த மரமும் வீணாவதில்லை. கருவறையின் முகட்டைத் தாங்கிய தூண்கள் உள் ஆலயத்துக்குப் போகும் ஊஜி பாலத்தின் தோரி என்ற மர நுழைவாயில்களாகி இன்னும் இருபது ஆண்டு நிற்கும். பிறகு செகி, குவானா ஊர்களின் தோரிகளுக்குப் போகும்.

ஏன் இருபது ஆண்டு என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. நான் நம்புவது தொழில் சார்ந்த விளக்கத்தை. ஒரு தச்சர் இருபது வயதில் எடுபிடியாக நிற்பார், நாற்பதில் பொறுப்பேற்பார், அறுபதில் கற்றுக்கொடுப்பார். தச்சர் மட்டுமல்ல. வாள், ஆடை, தறிக் கருவி என்று தெய்வத்துக்குரிய 714 வகைப் பொருட்கள், மொத்தம் 1576, ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்யப்படுகின்றன. பழமை இந்தக் கைகளில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

ஆனால் கா., நீங்கள் சந்தேகப்பட்டிருக்க வேண்டியது வேறொன்றை: '1300 ஆண்டாக இடையறாமல்' என்று பலரும் எழுதுகிறார்களே, அதை. அது அறுந்தது. உள்நாட்டுப் போர்க்காலத்தில் பணமில்லாமல், 1462-க்குப் பிறகு உள் ஆலயத்தில் 123 ஆண்டுகள் எதுவும் நடக்கவில்லை. வெளி ஆலயத்தின் இடைவெளி இன்னும் கொஞ்சம் நீளம். மீண்டும் தொடங்கி வைத்தவர்கள் யார் தெரியுமா? பௌத்தப் பெண் துறவிகள்! கெய்கோயின் மடத்தைச் சேர்ந்த செய்ஜுன் ஊர் ஊராகப் போய்ப் பணம் திரட்டி 1563-ல் வெளி ஆலயத்தைக் கட்ட வைத்தார். அவருக்குப் பின் வந்த ஷூயோவின் முயற்சியில், அக்காலப் போர்த்தலைவர்களான நோபுநாகாவும் ஹிதேயோஷியும் கொடுத்த பணத்தோடு, 1585-ல் இரண்டு ஆலயங்களும் எழுந்தன. ஜப்பானின் பூர்வீக மதமான ஷிந்தோவின் ஆலயம் இது, பௌத்தத் துறவிகளைக் கருவறைப் பக்கம் அண்டவிடாதது, அவர்கள் தூரத்தில் நின்றுதான் கும்பிட வேண்டும். பின்னாளில், 19-ஆம் நூற்றாண்டில், பேரரசர் மெய்ஜியின் அரசு ஷிந்தோவையும் பௌத்தத்தையும் பிரித்தபோது கெய்கோயின் மடத்தையும் மூடிவிட்டார்கள். நல்ல கைம்மாறு!

இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1949-ல் நடக்க வேண்டியதும் 1953-க்குத் தள்ளிப்போனது. அதற்குள் அரசு கைவிட்டிருந்தது, மக்களின் நன்கொடையில்தான் கட்டினார்கள்.

ஒவ்வொரு முறைக்கும் சுமார் 10,000 ஹினோகி மரங்கள் வேண்டும். மரம் தரும் மத்திய ஜப்பானின் கீசோ மலைகளையே நம்பியிருக்க முடியாது என்று 1923-ல் ஆலயத்தின் சொந்தக் காட்டில் 200 ஆண்டுத் திட்டம் போட்டு நடத் தொடங்கினார்கள். அதன் மரங்களில் ஒரு பகுதி 2013-ல் பயன்பட்டது.

அடுத்தது 2033, அதற்கான சடங்குகள் 2025-லேயே தொடங்கிவிட்டன. நேரில் பார்க்க ஆசையிருந்தால் ஒன்று சொல்கிறேன்: சாதாரண நாட்களில் வெளிவாயில் திரைக்கு அப்பால் யாரையும் விடமாட்டார்கள். தெய்வம் குடியேறுவதற்கு முன் ஊர்மக்கள் வெள்ளைக் கூழாங்கற்களை வண்டியில் இழுத்து வந்து, புதுக் கருவறையைச் சுற்றிப் பரப்புவார்கள். கட்டடத்தைக் கிட்டே போய்ப் பார்க்க அவர்களுக்கு அந்த ஒரு வாய்ப்புதான்.