நியூரம்பெர்க்குக்கு அரை நாள் போதாது: வாசகர் கேள்வி-பதில்

இம்முறை வந்த ஜெர்மனி கடிதங்களில் பாதிக்கு மேல் நியூரம்பெர்க் பற்றித்தான். மற்ற ஊர்களைக் கேட்டவர்கள் அடுத்த முறை வரை பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்திருக்கிறேன்.

கே: மியூனிக்கில் தங்குகிறோம். காலையில் போய் மாலைக்குள் திரும்பிவிட முடியுமா? ஊர் சுற்ற மூன்று மணி நேரம் கிடைக்கும். (மதுரை வாசகர்)

ப: ரயில் பிரச்சினையே இல்லை. ஐ.சி.இ. என்ற அதிவேக ரயிலில் ஒன்றேகால் மணி நேரம், வட்டார ரயிலில் ஒன்றேமுக்கால். ஆனால் மூன்று மணி நேரத்தில் லோரென்ஸ் தேவாலயத்தின் வாசல், சந்தைச் சதுக்கம், கோட்டை மதில் மூன்றையும் வெளியே நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். உள்ளே போக நேரம் இருக்காது, இந்த ஊரின் சிறப்போ உள்ளேதான் இருக்கிறது. ஓர் இரவு தங்குங்கள். சுற்றுலாப் பேருந்துகள் போனபின் கோட்டைக்குக் கீழே உள்ள சரிவுத் தெருக்களில் நடப்பதற்காகவே தங்கலாம்.

கே: ஐந்து பேர் பவேரியா டிக்கெட் வாங்கி ஏறினோம். பரிசோதகர் ஆளுக்கு 60 யூரோ அபராதம் போட்டுவிட்டார். இது அநியாயம் இல்லையா? (சென்னை வாசகர்)

ப: கடிதத்தின் கடைசி வரியில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஏறியது ஐ.சி.இ. என்று. பவேரியா மாநிலத்துக்குள் ஒரு நாள் சுற்றுவதற்கான அந்த டிக்கெட் வட்டார ரயில்களுக்கு மட்டும்தான். விதி டிக்கெட்டிலேயே அச்சாகியிருக்கிறது. படிக்காமல் ஏறிவிட்டு அநியாயம் என்றால் நான் என்ன சொல்ல? இனிப் போகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: வார நாளில் காலை 9 மணிக்கு மேல்தான் செல்லும், சனி ஞாயிறில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. பயணிகள் எல்லோருடைய பெயரும் டிக்கெட்டில் இருக்க வேண்டும். ரயில் பெயர்ப்பலகையில் ஐ.சி.இ. அல்லது ஐ.சி. என்று இருந்தால் ஏறாதீர்கள்.

கே: இரண்டு நாள் இருக்கிறது. எந்த மியூசியத்தை விடக்கூடாது? ஞாயிறு மாலை வந்து செவ்வாய் இரவு கிளம்புகிறோம். (கோவை வாசகி)

ப: முதலில் பயணத் தேதியை மாற்றுங்கள். எத்தனை முறை எழுதியாயிற்று, திங்கட்கிழமை ஜெர்மனியில் பெரும்பாலான மியூசியங்கள் மூடியிருக்கும் என்று! ஞாயிறு கடைகளும் கிடையாது. மாற்றவே முடியாது என்றால் திங்களன்று கோட்டைக்குப் போங்கள், அது தினமும் உண்டு. அங்கே இருக்கும் ஆழ்கிணறு 50 மீட்டர் அளவுக்குப் பாறையில் வெட்டியது. வழிகாட்டி தண்ணீர் ஊற்றினால் அது அடியில் விழும் சத்தம் வரச் சில நொடிகள் ஆகும். இரட்டைச் சிற்றாலயத்தையும் பாருங்கள். மேல்தளத்தில் பேரரசர், கீழ்த்தளத்தில் பரிவாரம், இரண்டுக்கும் நடுவே தளத்தில் ஒரு திறப்பு.

செவ்வாயன்று ஜெர்மானிய தேசிய மியூசியம். 1852-இல் தொடங்கியது, முழுதும் பார்க்க ஒரு வாரம் வேண்டும். ஆகையால் மார்ட்டின் பெஹைமின் பூகோள உருண்டையை முதலில் தேடிப் போங்கள். 1492-இல் தொடங்கிச் செய்தது, இன்று உலகில் எஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையது. கொலம்பஸ் திரும்பி வரும் முன் வரையப்பட்டதால் அமெரிக்கா அதில் இல்லை. ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே வெறும் கடலும் தீவுகளும்தான். நேரம் மிச்சமிருந்தால் ஓவியர் டியூரர் வாழ்ந்த வீடு. 1509 முதல் 1528-இல் இறக்கும் வரை அங்கேதான் இருந்தார். குஜராத் சுல்தான் கொடுத்து லிஸ்பனுக்குக் கப்பலேறிய காண்டாமிருகத்தை, நேரில் பார்க்காமலே, வந்த குறிப்பையும் கோட்டோவியத்தையும் வைத்து 1515-இல் மரச்செதுக்குப் படமாக்கியவர் அவர்.

கே: “நியூரம்பெர்க்கில் எல்லாம் 1950-களில் கட்டிய போலி. அசலைப் பார்க்க வேண்டுமானால் ரோத்தன்பர்க் போங்கள்” என்கிறார் எங்கள் டிராவல் ஏஜென்ட். உண்மையா? (திருச்சி வாசகர்)

ப: இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ரோத்தன்பர்க்கும் குண்டுக்குத் தப்பவில்லை. 1945 மார்ச் 31 அன்று அதன் பழைய நகரில் ஏறக்குறைய 40 சதவீதம் அழிந்தது. இன்று நீங்கள் படம் எடுக்கும் வீடுகளில் பல அதன்பின் கட்டியவை. அதை ‘அசல்’ என்றும் இதைப் ‘போலி’ என்றும் சொல்பவருக்கு இரண்டு ஊரும் தெரியாது.

நியூரம்பெர்க் மேல் பெரிய தாக்குதல் நடந்தது 1945 ஜனவரி 2 இரவு. பழைய நகரில் பத்தில் ஒன்பது பங்கு போயிற்று. இடிபாட்டை வாரி ஒதுக்கிவிட்டு அகலச் சாலையும் கண்ணாடிக் கட்டடமுமாகப் புது ஊர் போட்டிருக்கலாம், பல ஊர்களில் அதைத்தான் செய்தார்கள். இங்கே பழைய தெருக்களின் போக்கை விடவில்லை. முக்கியமான தேவாலயங்களையும் மதிலையும் கோட்டையையும் மீண்டும் எழுப்பினார்கள். மற்ற வீடுகளைப் புதிதாகத்தான் கட்டினார்கள், ஆனால் செங்குத்தான கூரைகளோடு, பக்கத்து வீட்டின் உயரத்துக்குள் அடங்குகிற மாதிரி. அதனால் கோட்டையிலிருந்து பார்த்தால் ஒரே ஊராகத் தெரிகிறது. ஜெபால்டு தேவாலயத்துக்குள் இடிந்த நாளின் புகைப்படங்களை வைத்திருக்கிறார்கள், மறைக்கவே இல்லை. படத்தைப் பார்த்துவிட்டு அதே தூணை நிமிர்ந்து பாருங்கள். பெல்லர் மாளிகை என்று ஒன்று உண்டு. அதன் முகப்பு போனது போனதுதான், மேலே ஐம்பதுகளின் கட்டடம் நிற்கிறது. உள்முற்றத்தை மட்டும் நகர மக்கள் நன்கொடை திரட்டிக் கல் கல்லாக மீண்டும் செதுக்க வைத்தார்கள். இதைப் போலி என்று சொல்ல எனக்கு நா வராது.

அசல் வேண்டும் என்பவர்களுக்கு அசலும் ஏராளம். போருக்கு முன் பீர் வைத்திருந்த பாறை நிலவறை ஒன்றைக் கலைப்பொருள் காப்பகமாக மாற்றி, கோட்டைக் குன்றுக்கு அடியில் 24 மீட்டர் ஆழத்தில் ஊரின் செல்வங்களை இறக்கிவைத்தார்கள். லோரென்ஸ் தேவாலயத்தில் அந்தரத்தில் தொங்குகிற ஃபைட் ஷ்டோஸின் மரச் சிற்பம், மரியாளுக்கு வானதூதர் மங்கலச் செய்தி சொல்லும் காட்சி, 1518-ஐச் சேர்ந்த அசல்தான். மேலே சொன்ன பெஹைம் உருண்டையும் அந்தக் காப்பகத்தில்தான் தப்பியது. அதே ஷ்டோஸ் கிராக்கோ நகருக்குச் செய்த பலிபீடத்தை நாஜிகள் போலந்திலிருந்து கொள்ளையடித்து வந்து இங்கே வைத்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். 1946-இல் அது திரும்பிப் போயிற்று. காப்பகத்துக்கு வழிகாட்டியோடுதான் போக முடியும். கோடையிலும் உள்ளே குளிரும், ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள்.

அதே லோரென்ஸில் ஆடம் கிராஃப்ட் கல்லில் செதுக்கிய நற்கருணைக் கோபுரம் (வழிபாட்டு அப்பத்தை வைக்கும் பேழை) 20 மீட்டர் உயரம். நுனி கூரை வளைவைத் தொட்டு வளைகிறது. அடியில் அதைத் தோளில் தாங்கி மண்டியிட்டிருக்கும் மூவரில் ஒருவர், கையில் சுத்தியலோடு, சிற்பியேதான். தோல் பதனிடுவோர் வாழ்ந்த வைஸ்கெர்பர் தெருவில் மரச்சட்ட வீடுகள் வரிசையாகத் தப்பியிருக்கின்றன. ஏஜென்ட் உங்களை அங்கே அழைத்துப் போகாவிட்டால் நீங்களே போங்கள், சந்தையிலிருந்து பத்து நிமிட நடை.

கே: ஹிட்லர் நின்று பேசிய மேடையில் ஏறிப் படம் எடுக்கலாமா? அவர் மாதிரி கை தூக்கி ஒரு போஸ்… (கல்லூரி மாணவர்)

ப: கூடாது. அந்தக் கை சைகை ஜெர்மனியில் குற்றம், மூன்றாண்டு வரை சிறைக்கு வழி உண்டு. விளையாட்டுக்குச் செய்தேன் என்பது போலீசிடம் செல்லாது.

சட்டத்தைத் தள்ளிவைத்தே சொல்கிறேன். நம்மவர்களில் சிலர் அவரைக் கண்டிப்பான தலைவராகப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் மனம் நோகிறது. யூதர்களின் குடியுரிமையைப் பறித்த சட்டங்கள் 1935-இல் இந்த ஊரில், அவருடைய நாஜிக் கட்சி மாநாட்டின்போதுதான் நிறைவேறின. அது முடிந்தது 60 லட்சம் பேரின் கொலையில். அந்த மேடை இருக்கும் செப்பலின் மைதானத்துக்குக் கட்டாயம் போங்கள். மேடை உச்சியில் இருந்த ஸ்வஸ்திகாவை 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை வெடிவைத்துத் தகர்த்தது. பக்கத்தில் 50,000 பேருக்கென்று தொடங்கி முடியாமலே நின்ற மாநாட்டு மண்டபம். அதில் உள்ள ஆவண மையத்தை முதலில் பார்த்துவிட்டு மைதானத்துக்கு நடந்தால் எதைப் பார்க்கிறோம் என்று புரியும்.

கே: நியூரம்பெர்க் விசாரணை நடந்த அறையைப் பார்க்க முடியுமா? (ஈரோடு வழக்கறிஞர்)

ப: முடியும். நீதிமன்ற வளாகத்தில் 600-ஆம் எண் அறை, யூ1 சுரங்க ரயிலில் பேரன்ஷான்ஸே நிறுத்தம். இங்கே விடுமுறை செவ்வாய், திங்கள் அல்ல, கவனம். 1945 நவம்பர் 20 முதல் மறு ஆண்டு அக்டோபர் 1 வரை நாஜித் தலைவர்கள்மீது நடந்த விசாரணை அது. விசாரணை முடிந்தபின் அறையைப் பழையபடி மாற்றிவிட்டதால் பழைய படச்சுருள்களில் பார்த்த அமைப்பு இராது. மாடியில் உள்ள கண்காட்சிக்கு உங்களைப் போன்றவர்கள் இரண்டு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும்.

கே: சைவம் சாப்பிடுகிறோம். பட்டினியா? (மயிலாடுதுறை வாசகி)

ப: இல்லை. ஊரின் பெயர் பெற்ற விரல் நீளச் சாசேஜ் பன்றி இறைச்சி, அதை விடுங்கள். சீஸ் ஷ்பெட்ஸ்லே (நூடுல்ஸ் மாதிரி), பிரெட்சல், காளான் சாஸோடு கொழுக்கட்டை மாதிரியான க்ளோஸ் எல்லாம் கிடைக்கும். உருளைக்கிழங்கு சாலட்டில் இறைச்சிச் சாறு ஊற்றுவது உண்டு, கேட்டுவிட்டு வாங்குங்கள். “இறைச்சி வேண்டாம்” என்றால் போதாது, “வெகெடாரிஷ்” என்று சொல்லுங்கள். ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் 24 வரை போகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள்: ஊருக்கு வடக்கே உள்ள வயல்களிலிருந்து வரும் வெள்ளை அஸ்பாரகஸ், உருகிய வெண்ணெயும் உருளைக்கிழங்குமாக.

கே: சந்தைச் சதுக்கக் கடிகாரப் பொம்மைகள் எத்தனை மணிக்கு? (சேலம்)

ப: அது சதுக்கத்தில் உள்ள மரியாள் தேவாலயத்தின் கடிகாரம், பகல் 12-க்கு மட்டும். நான்காம் கார்ல் பேரரசரை, பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்ற ஏழு தேர்வாளர்கள் மூன்று முறை சுற்றி வருவார்கள். அந்தத் தேர்தல் முறையை வகுத்து 1356-இல் அவர் பிறப்பித்த பொன் முத்திரைச் சாசனத்தின் நினைவாக. படம் எடுத்ததும் போய்விடாதீர்கள். அந்தத் தேவாலயம் நிற்கும் இடத்தில் யூதர்களின் தொழுகைக்கூடம் இருந்தது. 1349-இல் அந்தக் குடியிருப்பை இடித்துச் சந்தையாக்க அனுமதி தந்தவர் இதே கார்ல்தான். கொல்லப்பட்டவர்கள் ஐந்நூறுக்கு மேல்.

கே: அப்பா அம்மாவுக்கு 70 வயது தாண்டிவிட்டது. நடக்க முடியுமா? (புதுச்சேரி)

ப: ஊரின் நடுப்பகுதி முடியும். லோரென்ஸ் தேவாலய வாசலிலேயே சுரங்க ரயில் நிறுத்தம் இருக்கிறது. கோட்டைக்கு ஏறும் கல் பாவிய சரிவுதான் முழங்காலைப் பதம் பார்க்கும். மேலே டாக்ஸியில் போய்விட்டு மெதுவாக இறங்கி வாருங்கள். தோல் அடிப்பாகம் வைத்த செருப்பு வேண்டாம், மழையில் அந்தக் கல் வழுக்கும்.

கே: கிறிஸ்துமஸ் சந்தைக்கு டிசம்பர் கடைசி வாரம் போகிறோம். ஹோட்டல் எங்கே போடலாம்? (பெங்களூரு)

ப: எங்கேயும் போட வேண்டாம், சந்தை டிசம்பர் 24 மதியத்தோடு முடிந்துவிடும்! தேதி பார்க்காமல் விமான டிக்கெட் எடுப்பவர்கள் ஒவ்வொரு ஆண்டும் எழுதுகிறார்கள். அட்வென்ட் எனப்படும், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரக் காலத்தின் முதல் ஞாயிறுக்கு முந்தைய வெள்ளியன்று தொடங்கும். அன்று மாலை சந்தைச் சதுக்கத் தேவாலய மாடத்தில் நின்று திறந்துவைக்கும், தேவதை வேடமிட்ட ‘கிறிஸ்ட்கிண்ட்’ ஊரின் இளம்பெண்களில் ஒருவர், இரண்டாண்டுக்கு ஒருமுறை தேர்வு. 2019-இல் தேர்வானவரின் தந்தை இந்தியர். வார நாளில் காலை பத்து மணிக்குப் போனால் நிம்மதியாகப் பார்க்கலாம், சனிக்கிழமை மாலை நகரவே முடியாது. ஜனவரி கடைசியில் பொம்மை வணிகக் கண்காட்சி வரும், அந்த வாரம் அறை வாடகை இரண்டு மூன்று மடங்கு. அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: எட்டு வயதுப் பையன், ரயில் பைத்தியம். (தஞ்சாவூர்)

ப: சரியான ஊர். ஜெர்மனியின் முதல் நீராவிப் பயணி ரயில் 1835 டிசம்பர் 7 அன்று இங்கிருந்து ஃபுயர்த்துக்கு ஓடியது. எஞ்சின் ‘ஆட்லர்’, இங்கிலாந்தில் ஸ்டீபன்சன் ஆலையில் செய்தது. ரயில் மியூசியம் பெரிய நிலையத்துக்குப் பக்கத்தில்தான். அப்புறம் யூ2 அல்லது யூ3-இல் முன் பெட்டியில் உட்காரவையுங்கள். ஓட்டுநர் இல்லாமல் ஓடுகிறது, முன்னால் சுரங்கம் முழுக்கத் தெரியும். மியூசியத்தைத் திங்களன்று வைத்துக்கொள்ளாதீர்கள்.

கே: ஜெர்மனியில் தமிழ் ஓலைச்சுவடிகள் இருப்பதாகப் படித்தேன். நியூரம்பெர்க்கிலா? (நாகப்பட்டினம் ஆசிரியர்)

ப: ஹாலே நகரில். ஐ.சி.இ.யில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானியக் கிறிஸ்தவ மதபோதகர் சீகன்பால்கு அங்கே படித்தவர். அவரும் பின்வந்தவர்களும் அனுப்பிய கடிதங்களும் சுவடிகளும் ஃபிராங்கே நிறுவன வளாகத்தில் இருக்கின்றன. அரும்பொருள் அறையை டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம். சுவடிகளைப் பார்க்க நூலகத்துக்கு முன்கூட்டியே எழுதி அனுமதி கேளுங்கள், நேரில் போய் நின்றால் எடுத்துத் தர மாட்டார்கள். எழுதும்போது எந்தச் சுவடி, எதற்காக என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

கே: லெப்கூகன் (மசாலா மணக்கும் கிறிஸ்துமஸ் இனிப்பு) எதை வாங்குவது? கடையில் பத்து வகை. (வேலூர்)

ப: ‘எலிசன்’ என்று போட்டதை. அதில் கொட்டைப் பருப்பு கால் பங்காவது இருக்க வேண்டும், மாவு பத்து சதவீதத்தைத் தாண்டக்கூடாது. முட்டை உண்டு. அழகான தகர டப்பாவுக்குக் கூடுதல் பணம் தராமல் சாதாரணப் பையில் வாங்குங்கள், சரக்கு ஒன்றுதான். ஞாயிறு கடை கிடையாது, சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.