ஸ்லைட்டில் தமிழ் எழுத்தும் பந்தியும்: வாசகர் கேள்வி-பதில்

இம்முறை வந்த கேள்விகளுள் பெரும்பாலானவை பவர்பொயின்ற் ஸ்லைட்டுகளில் தமிழ் எழுத்தை ஒழுங்குபடுத்துவது பற்றியவை. பாடநூல் 'படவில்லை' என்று சொன்னாலும், வகுப்பறையில் ஆசிரியரும் மாணவரும் ஸ்லைட் என்றே சொல்வதால் நானும் அச்சொல்லையே எழுதுகிறேன். திரையில் ஆங்கிலத்தில் தெரியும் கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் தந்திருக்கிறேன்.

கேள்வி (கோப்பாய், ஆசிரியை): வீட்டு மடிக்கணினியில் பாமினி எழுத்துருவில் தயாரித்த பாடத்தைப் பாடசாலைக் கணினியில் திறந்தபோது, தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே தெரிந்தன. கோப்பில் வைரஸ் புகுந்துவிட்டதா?

பதில்: வைரஸ் இல்லை. கோப்பும் பழுதாகவில்லை. பாமினி, ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனிக் குறியீடு தரும் பொது முறையான யுனிகோடைச் சாராத பழைய வகை எழுத்துரு. அதில் நீங்கள் தமிழில் எழுதுவதாகத் தோன்றினாலும், கோப்பினுள் சேமிக்கப்படுபவை ஆங்கில எழுத்துகளே. அவற்றுக்குத் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுவது மட்டுமே எழுத்துருவின் வேலை. 'தமிழ்' என்று நீங்கள் தட்டியபோது பதிவானவை ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் இறுதியில் ஓர் அரைப்புள்ளியும் ஆகும். ழகரத்தின் தலையில் இருக்க வேண்டிய புள்ளிதான் அந்த அரைப்புள்ளி. பாமினி நிறுவப்படாத கணினியில் போர்வை விலகிவிடுவதால், உள்ளே இருந்தது வெளியே தெரிகிறது.

நாளைக் காலையே பாடம் நடத்த வேண்டுமென்றால், வீட்டுக் கணினியிலேயே கோப்பை பிடிஎஃப் ஆக மாற்றி எடுத்துச் செல்லுங்கள். எழுத்துருவும் அதனுடன் சேர்ந்தே போகும். பவர்பொயின்ற் கோப்பாகவே வேண்டுமென்றால், ஃபைல், ஒப்ஷன்ஸ், சேவ் என்ற வழியில் சென்று எழுத்துருவைக் கோப்பினுள் பொதிக்கும் கட்டளையைத் தெரிவுசெய்யலாம். ஆனால் எழுத்துருவை ஆக்கியவர் அதற்கு அனுமதி வைத்திருந்தால் மட்டுமே அது பலிக்கும்.

நிலையான தீர்வு யுனிகோடுக்கு மாறுவதே. என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற மாற்றிகளில் பாமினிப் பந்தியை இட்டு யுனிகோட் பந்தியாகப் பெறலாம். இங்கே பலரும் இரண்டு இடங்களில் தடுக்கி விழுகிறார்கள். முதலாவது, பந்தியின் நடுவே உண்மையான ஆங்கிலச் சொல் ஏதும் இருந்தால் மாற்றி அதையும் பாமினி என்று எண்ணிப் பொருளற்ற தமிழாக்கிவிடும் என்பதால், மாற்றிய பின் ஆங்கிலச் சொற்களைக் கையால் திருத்த வேண்டும். இரண்டாவது, மாற்றிய பந்தியை ஸ்லைட்டில் ஒட்டிய பின்னரும் அதன் எழுத்துருப் பெயர் பாமினி என்றே நிற்கக்கூடும். அதை நிர்மலா யூஐ, லதா, நோட்டோ சான்ஸ் தமிழ் என்பவற்றுள் ஒன்றாக மாற்றிவிடுங்கள். விண்டோஸ் 8 முதல் நிர்மலா யூஐ கணினியுடனேயே வருவதால், பாடசாலையில் தனியாக எதையும் நிறுவ வேண்டியிருக்காது. பாமினியில் பழகிய விரல்களுக்குப் புதிய விசையமைப்பு வராதே என்று தயங்க வேண்டாம். பாமினி விசையமைப்பிலேயே யுனிகோட் எழுத என்.எச்.எம். ரைட்டர் உதவும்.

கேள்வி (சாவகச்சேரி, உயர்தர மாணவர்): ஊர்ப் பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால் மேல்வரியின் கீழ்ப்பகுதியும் கீழ்வரியின் மேல்பகுதியும் முட்டிக்கொள்கின்றன. ஒவ்வொரு வரிக்கும் பின் என்டர் தட்டினால் இடைவெளி மிகையாகிவிடுகிறது. என்ன செய்வது?

பதில்: பவர்பொயின்ற் 2013 முதல், வெற்று ஸ்லைட்டின் உடற்பகுதியில் வரி இடைவெளி 0.9 மடங்காகவே வைக்கப்பட்டிருக்கிறது. ஆங்கிலத்துக்கு அது பொருந்தும். தமிழில் 'பூநகரி' என்று எழுதி அடுத்த வரியில் 'கீரிமலை' என்று எழுதிப் பாருங்கள்: பூவின் ஊகாரக் குறி வரிக்குக் கீழே இறங்குகிறது, கீயின் சுழியோ வரிக்கு மேலே ஏறுகிறது. ஏற்கனவே பத்தில் ஒரு பங்கு குறைக்கப்பட்ட இடைவெளியில் இரண்டும் எப்படி முட்டாமல் இருக்கும்?

எழுத்துப் பெட்டியின் ஓரத்தைச் சொடுக்கி முழுப் பெட்டியையும் தெரிவுசெய்து, ஹோம் பகுதியில் வரி இடைவெளிப் பொத்தானின் கீழுள்ள லைன் ஸ்பேசிங் ஒப்ஷன்ஸைத் திறவுங்கள். மல்டிபிள் என்பதைத் தெரிந்து 1.1 என்று இடுங்கள்; சில எழுத்துருக்களுக்கு 1.2 வரை தேவைப்படும். அதே சாளரத்தில் பிஃபோர் என்று ஓர் இடம் இருக்கும். பந்திக்கு முன் விடப்படும் இடைவெளி அதுதான், தொடக்க அமைப்பில் முதல்நிலைப் பந்திக்கு 10 பொயின்ற் (எழுத்தளவையும் இடைவெளியையும் அளக்கும் அலகு). வரிகளுக்கிடையிலான வெளியை விடப் பந்திகளுக்கிடையிலான வெளி சற்றுக் கூடுதலாக இருந்தால்தான், எந்த வரி எந்தக் கருத்தைச் சேர்ந்தது என்று கண் தானாகப் பிரித்தறியும். என்டரை இரண்டு முறை தட்டி இதைச் சாதிக்க முயல்பவர், தம்மையறியாமல் ஒரு வெற்றுப் பந்தியை உருவாக்குகிறார். எழுத்தளவை மாற்றும்போது அந்த வெற்றுப் பந்தியும் சேர்ந்து பெரிதாகும்.

எக்ஸாக்ட்லி என்ற தெரிவின் பக்கம் போகாதீர்கள். இன்று அழகாக இருக்கும். நாளை எழுத்தைப் பெரிதாக்கினால் இடைவெளி அப்படியே நிற்க, வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும்.

கேள்வி (மானிப்பாய்): யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் வரலாற்றை ஆண்டுவாரியாக எழுதினேன். ஆண்டுக்குப் பின் ஸ்பேஸ் விசையைப் பல முறை தட்டி நிகழ்வுகளை ஒரே நேராக நிறுத்தினாலும், மற்றவரின் கணினியில் எல்லாம் கோணலாகிவிடுகிறது.

பதில்: நீங்கள் அனுப்பிய ஸ்லைட்டைத் திறந்து பார்த்தேன். '1933' என்பதற்குப் பின் ஏழு வெற்றிடங்கள், '1959' என்பதற்குப் பின் எட்டு, '1981' என்பதற்குப் பின் மறுபடி ஏழு. கண்ணால் பார்த்து ஒட்டவைத்த ஒழுங்கு இது. வெற்றிடத்தின் அகலம் எழுத்துருவுக்கு எழுத்துரு வேறுபடுவதால், எழுத்துரு மாறிய கணமே ஒழுங்கும் கலைந்துவிடுகிறது. அதைவிடப் பெரிய குறை 1981ஆம் ஆண்டு வரியில் இருக்கிறது. 'மே 31 இரவு தொடங்கிய எரிப்பில் சுமார் 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன' என்ற வசனம் இரண்டாம் வரிக்கு மடங்கும்போது, நிகழ்வின் கீழ் நிற்காமல் ஆண்டின் கீழே வந்து நிற்கிறது.

எல்லா வெற்றிடங்களையும் அழித்துவிட்டு, ஆண்டுக்கும் நிகழ்வுக்கும் இடையே டாப் (Tab) விசையை ஒரே ஒரு முறை தட்டுங்கள். பின்பு பந்திகள் முழுவதையும் தெரிவுசெய்து, குண்டுக்குறிகளை நீக்கி, பரகிராப் சாளரத்தில் பிஃபோர் டெக்ஸ்ட் என்பதற்கு 3 செ.மீ., ஸ்பெஷல் என்பதில் ஹேங்கிங், அதன் அளவாகவும் 3 செ.மீ. என இடுங்கள். இப்போது ஆண்டு இடது ஓரத்தில் நிற்கும். டாப் தாவி நிற்கும் இடமும் மடங்கும் வரி தொடங்கும் இடமும் அதே 3 செ.மீ. கோடாகிவிடும். 2003ஆம் ஆண்டின் மீள்திறப்பு வரை எத்தனை ஆண்டுகளைச் சேர்த்தாலும், எந்தக் கணினியில் திறந்தாலும் அந்தக் கோடு அசையாது. ஒன்றை நினைவில் வைத்திருங்கள்: பந்தியின் தொடக்கத்தில் டாப் தட்டினால் பவர்பொயின்ற் அப்பந்தியை அடுத்த நிலைக்குத் தள்ளிவிடும், ஆண்டை எழுதிய பின் தட்டினால்தான் அது இடைவெளியாகும்.

இந்த ஸ்லைட்டின் பொருளுக்காகவும் ஒரு சொல். 1981ஆம் ஆண்டு வரியைச் சிவப்பாக்கி, தடிப்பாக்கி, அடிக்கோடும் இட்டிருக்கிறீர்கள். தடிப்பு மட்டும் போதும். அந்த வரி வண்ணமில்லாமலே பேசும்.

கேள்வி (பருத்தித்துறை): குண்டுக்குறி இட்ட ஒரு கருத்தின் நடுவே புதிய வரிக்குப் போக என்டர் தட்டினால் இன்னொரு குண்டுக்குறி வந்துவிடுகிறது.

பதில்: ஷிப்ட் விசையை அழுத்தியபடி என்டர் தட்டுங்கள். பந்தி மாறாமல் வரி மட்டும் மாறும்.

கேள்வி (சுண்ணாகம், அரச அலுவலர்): எழுத எழுத எழுத்து தானாகச் சிறிதாகிக்கொண்டே போகிறது. ஒரு ஸ்லைட்டில் பெரிதாகவும் அடுத்ததில் பொடியாகவும் இருக்கிறது.

பதில்: அது ஓட்டோஃபிட் என்னும் வசதியின் வேலை. பெட்டிக்குள் அடங்காத எழுத்தை அது சுருக்கி அடக்குகிறது. தொடக்க அமைப்பில் தலைப்பு 44 பொயின்றும் உடற்பகுதியின் முதல் நிலை 28 பொயின்றும் ஆகும். நீங்கள் பதினைந்து வரிகளை ஊற்றினால், அந்த 28 உங்களுக்குத் தெரியாமலே கரைந்துபோகும். பெட்டியின் இடது கீழ்மூலையில் தோன்றும் சிறு சின்னத்தைச் சொடுக்கினால், சுருக்குவதை நிறுத்தவும், எழுத்தை இரண்டு ஸ்லைட்டுகளாகப் பிரிக்கவும் கட்டளைகள் வரும். பெரும்பாலும் பிரிப்பதே நல்லது.

எழுத்து சுருங்குவதை மென்பொருளின் குறையாகப் பலர் எண்ணுகிறார்கள். நான் அதை ஒரு முறைப்பாடாகவே வாசிக்கிறேன்: இந்த ஸ்லைட்டில் அளவுக்கு மேல் எழுதிவிட்டீர்கள் என்று கணினி சொல்கிறது. சென்ற ஆண்டு ஒரு கூட்டத்தில் முழுச் சுற்றறிக்கையையும் ஒரே ஸ்லைட்டில் ஒட்டியிருந்தார்கள். இரண்டாம் வரிசையில் இருந்த நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டும் வாசிக்க முடியவில்லை. முன்னால் நின்றவரோ திரும்பி நின்று சுவரைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தார். மண்டபத்தின் கடைசி வரிசைக்குச் சென்று நின்று ஒருமுறை வாசித்துப் பாருங்கள். தமிழுக்கு 24 பொயின்றுக்குக் கீழே இறங்காதிருப்பது என் வழக்கம்.

கேள்வி (திருநெல்வேலி, பல்கலைக்கழக மாணவி): நாற்பது ஸ்லைட்டுகள் முடித்த பிறகு மேற்பார்வையாளர் எழுத்துருவை மாற்றச் சொல்கிறார். ஒவ்வொன்றாக மாற்ற வேண்டுமா?

பதில்: தேவையில்லை. வியூ பகுதியில் ஸ்லைட் மாஸ்டரைத் திறந்து, இடப்புறப் பட்டியலில் எல்லாவற்றுக்கும் மேலுள்ள பெரிய ஸ்லைட்டில் எழுத்துரு, அளவு, வரி இடைவெளி ஆகியவற்றை ஒருமுறை மாற்றினால், அதன் கீழுள்ள அனைத்தும் அதைப் பின்பற்றும். பின்பற்றாத ஸ்லைட்டுகள் இருந்தால் அங்கே நீங்கள் முன்பு கையால் வடிவமைத்திருக்கிறீர்கள் என்று பொருள். அவற்றைத் தெரிவுசெய்து ஹோம் பகுதியிலுள்ள ரீசெட் பொத்தானை அழுத்துங்கள். நீங்கள் வேண்டுமென்றே இட்ட தடிப்பும் வண்ணமும் அதனுடன் போய்விடக்கூடும் என்பதால், முதலில் கோப்பின் பிரதி ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் ஒரே வரியில் வேறு வேறு உயரத்தில் நிற்பதாகவும் எழுதியிருந்தீர்கள். வழமையான ஓஃபிஸ் தீமில் (மென்பொருளுடன் வரும் ஆயத்த வடிவமைப்பில்) ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துருவும் தமிழுக்கு லதாவும் தனித்தனியே குறிக்கப்பட்டிருப்பதே காரணம். இரண்டு எழுத்துகளையும் கொண்ட நிர்மலா யூஐயை மாஸ்டரில் இட்டால் அந்த உயர வேறுபாடு பெருமளவு தணியும்.

கேள்வி (காரைநகர்): புத்தகத்தில் உள்ளது போல இரு ஓரங்களும் நேராக வர ஜஸ்டிஃபை செய்தால் சொற்களுக்கிடையே ஓட்டைகள் விழுகின்றன.

பதில்: தமிழ்ச் சொற்கள் நீளமானவை, 'நடைமுறைப்படுத்தப்பட்டிருக்கின்றன' என்ற ஒரு சொல் அடுத்த வரிக்கு மடங்கினால், விட்டுச்சென்ற இடம் முழுவதையும் மிஞ்சிய இரண்டு சொற்களுக்கிடையே பரப்ப வேண்டியதாகிறது. பவர்பொயின்ற் தமிழ்ச் சொல்லை வரியிறுதியில் பிரித்து எழுதுவதும் இல்லை. இடப்பக்கம் மட்டும் நேராக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (வேலணை, ஆசிரியர்): எங்கள் மண்டபத்துக்குப் பக்கச் சுவர் அரைவாசிதான். பகலில் எழுத்துகள் வெளிறித் தெரிகின்றன. எந்த வண்ணம் நல்லது?

பதில்: வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து. புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது. ஒளி விழாத இடமே கறுப்பாகத் தெரிகிறது. வெயில் திரையில் விழும்போது கருநீலப் பின்னணி சாம்பல் நிறமாகி, அதிலுள்ள மஞ்சள் எழுத்தும் சேர்ந்து மங்கும். இணைய அணுகல்தன்மை நெறிமுறைகள் சாதாரண எழுத்துக்கு 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 என, எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தபட்ச ஒளி வேறுபாட்டைக் கேட்கின்றன. வெள்ளையில் கறுப்பு 21:1. உங்கள் மண்டபத்துக்கு அத்தனையும் வேண்டும்.

கேள்வி (நல்லூர்): திருக்குறள் மேற்கோளைச் சாய்வெழுத்தில் இடலாமா?

பதில்: இட வேண்டாம். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வெழுத்து தனியாக வரையப்பட்டிருப்பதில்லை. மென்பொருள் நேரெழுத்தைப் பிடித்துச் சரித்துவிடுகிறது, ணகரமும் ஞகரமும் குடை சாய்ந்தது போலாகின்றன. குறளை முதலடியில் நான்கு சீர், இரண்டாமடியில் மூன்று சீர் என்று ஷிப்ட்-என்டரால் பிரித்து, இருபக்கமும் சற்று உள்ளே தள்ளி நிறுத்துங்கள். எழுத்தளவைப் பொறுத்து முதலடி மடங்கினால் அளவைக் குறையுங்கள், அடியை உடைக்காதீர்கள்.