பெல்ட் பெட்டிக்குள் தண்ணீர், சேறு: ஏ.டி.வி. கேள்வி பதில்

அடைமழை பிடித்துக் கண்மாய்கள் பெருகத் தொடங்கியதிலிருந்து, காரைக்குடிப் பக்கம் ஏ.டி.வி. (காடு மேடு எங்கும் ஓடும் சிறிய நான்கு சக்கர வண்டி) வைத்திருப்பவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: பெல்ட் பெட்டிக்குள் தண்ணீர் போய்விட்டது, சேறு போய்விட்டது, என்ன செய்வது? வந்த கேள்விகளுக்கு இங்கேயே பதில் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த வேலை பெல்ட், வேரியேட்டர் (பெல்ட் ஓடும் புல்லி ஜோடி, கியர் மாற்றுவது அதுதான்), கிளட்ச். மற்றதை அந்தந்த ஆளிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பள்ளத்தூர், தென்னந்தோப்புக்காரர்: அண்ணே, வாய்க்காலைக் கடக்கும்போது சக்கரம் முக்கால்வாசி முங்கிவிட்டது. கரையேறிய பிறகு ரேஸ் கொடுத்தால் இன்ஜின் மட்டும் அலறுகிறது, வண்டி நகரவில்லை. கியர் போய்விட்டதா?

கியருக்கு ஒன்றும் ஆகவில்லை. பெல்ட் நனைந்து வழுக்குகிறது. முதலில் ரேஸ் கொடுப்பதை நிறுத்துங்கள்.

உள்ளே இரண்டு புல்லிகள் இருக்கின்றன. முன்புல்லி இன்ஜினின் கிராங்கோடு சுற்றும். வேகம் கூடும்போது அதிலுள்ள எடைகள் வெளிப்பக்கமாக விலகி, புல்லியின் இரண்டு தட்டுகளையும் நெருக்கும். நடுவில் சிக்கிய பெல்ட் மேலேறும். அதே நேரம் பின்புல்லி தன் ஸ்பிரிங்கை எதிர்த்து விரிய, அங்கே பெல்ட் கீழிறங்கும். பல்லும் செயினும் இல்லாமல் கியர் மாறுவது இப்படித்தான். முழு இழுவையும் பெல்ட்டின் இரண்டு பக்கங்கள் தட்டுகளைப் பிடிக்கும் பிடியில் இருக்கிறது. நடுவில் தண்ணீர்ப் படலம் வந்தால் அந்தப் பிடி போய்விடும்.

தண்ணீரால் மட்டும் பெல்ட் கெடுவதில்லை. வழுக்கும்போது பிறக்கும் சூடுதான் அதைக் கெடுக்கிறது. பெல்ட் நின்ற இடத்தில் நிற்க, முன்புல்லி மட்டும் சுற்றினால் அந்த ஒரு இடத்தில் ரப்பர் தேய்ந்து குறுகிவிடும். அப்புறம் பெல்ட் காய்ந்தாலும் ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி தட்டித் தட்டி ஓடும்.

செய்ய வேண்டியது இது. சமதரையில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் போடுங்கள். இன்ஜினைக் கிளப்புவதற்கு முன் ஏர் பில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். அதில் தண்ணீர் நின்றால் செல்ப் அடிக்கவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் அது அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். ஏர் பில்டர் பெட்டி உலர்ந்திருந்தால், பெல்ட் கவரின் அடியிலுள்ள டிரெயின் போல்ட்டைக் கழற்றித் தண்ணீரை வடித்துவிட்டுத் திரும்ப மாட்டுங்கள். நியூட்ரலில் வைத்து ரேஸை ஏற்றி இறக்கிச் சில விநாடிகள் ஓட்டுங்கள். புல்லியில் உள்ள விசிறி இதழ்கள் காற்றை இழுத்து ஈரத்தை வெளியே தள்ளும். பிறகு லோ கியரில் போட்டு மெதுவாக நகர்த்திப் பாருங்கள். வழுக்கினால் மறுபடி நியூட்ரல். உங்கள் மாடலுக்கான சிறு வித்தியாசங்கள் வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும்.

இன்னொன்று. பெல்ட்டுக்குக் காற்று எடுக்கும் குழாயின் வாய் பெரும்பாலும் உயரத்தில் இருக்கும். முக்கால் சக்கரத் தண்ணீரில் உள்ளே ஈரம் வந்ததென்றால் கவரின் கேஸ்கெட்டையும் குழாய் கிளாம்ப்பையும் பாருங்கள். வழி அங்கேதான் இருக்கும்.

தேவகோட்டையிலிருந்து ஒருவர்: கண்மாய் உள்வாயில் சேற்றில் புதைந்து மீண்டேன். டிரெயின் போல்ட்டைக் கழற்றினால் செந்நிறக் குழம்பாக வருகிறது. நீங்கள் சொன்னபடி நியூட்ரலில் ஓட்டிக் காயவைத்தால் போதுமா?

போதாது. ஈரம் காயும், மண் போகாது. சேறு என்றால் கவரைத் திறந்தே ஆக வேண்டும்.

நம் பக்கத்து மண்ணில் இரண்டு ஆபத்து. கண்மாய்க்குள் இருக்கும் கரம்பை மிக நைசானது. தட்டுகளில் படிந்து, சூட்டில் காய்ந்து, வழவழப்பான பூச்சாகிவிடும். மேட்டில் இருக்கும் செம்புறாங்கல் சரளை இதற்கு நேர்மாறு. அந்தப் பொடி பெல்ட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் எமரித்தாள்போல வேலை செய்து இரண்டையும் அராவும். உங்களுக்கு வந்த குழம்பில் இரண்டுமே கலந்திருக்கலாம்.

கவரைக் கழற்றுங்கள். பெல்ட்டை எடுப்பதற்கு முன் அது எந்தத் திசையில் ஓடியது என்று அம்புக்குறியைப் பார்த்துக்கொள்ளுங்கள், அழிந்திருந்தால் நீங்களே ஒரு குறி போடுங்கள். பெல்ட்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் காயவிடுங்கள். பெட்டியையும் புல்லிகளையும் சாதாரணக் குழாய்த் தண்ணீரில் கழுவலாம். வாட்டர் சர்வீஸ் பிரஷரை ஆயில் சீல் மீதும் பேரிங் மீதும் நேராக அடிக்காதீர்கள். கம்ப்ரஸர் காற்றால் மூலைமுடுக்கெல்லாம் ஊதுங்கள், முக்கியமாக முன்புல்லியில் எடைகள் ஆடும் இடம். அங்கே மண் இறுகினால் எடைகள் விலகாது, கியரும் ஏறாது. தட்டுகளை ஸ்காட்ச் பிரைட்டால் லேசாகத் தேய்த்து, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த சுத்தமான துணியால் துடைத்து முடியுங்கள். அதன்பிறகு தட்டில் விரல் படக்கூடாது. விரலில் இருக்கும் எண்ணெயே போதும் வழுக்குவதற்கு.

பெல்ட்டை வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள். பக்கங்கள் கண்ணாடிபோலப் பளபளத்தாலோ, ஓரிடத்தில் மட்டும் குறுகியிருந்தாலோ, ஓரத்தில் நூல் பிரிந்திருந்தாலோ மாற்றிவிடுங்கள். பிரிந்த நூல் கிராங்க் ஷாப்ட்டில் சுற்றிக்கொண்டு உள்ளே போனால் ஆயில் சீலைக் கிழிக்கும். பெல்ட் செலவோடு போக வேண்டியது இன்ஜின் செலவாகிவிடும். கவர் இல்லாமல் இன்ஜினைக் கிளப்பிப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம், விரலே போய்விடும்.

திருமயம்: பெல்ட் நனைந்தால் டபிள்யூ.டி.-40 அடித்தால் தண்ணீரை விரட்டிவிடும் அல்லவா?

தண்ணீரை விரட்டிவிட்டு எண்ணெயை விட்டுவிட்டுப் போகும். பெல்ட்டிலும் தட்டிலும் எதையும் தெளிக்காதீர்கள்.

காரைக்குடி, ரைஸ் மில் நடத்திய பெரியவர்: தம்பி, எதையும் தடவாதே என்கிறாய். எங்கள் மில்லில் பெல்ட் வழுக்கினால் குங்கிலியப் பொடியோ பெல்ட் பேஸ்டோ போடுவோம். உடனே பிடித்துக்கொள்ளும். அது இதற்கு மட்டும் எப்படி ஆகாமல் போகும்?

ஐயா, நல்ல கேள்வி. மில்லில் ஓடியது தட்டை பெல்ட். அது புல்லியின் முதுகில் உட்கார்ந்து ஓடும், இடம் மாறாது. பிடித்துக்கொள்வது ஒன்றுதான் அதன் வேலை, அதனால் ஒட்டும் பொருள் அதற்கு உதவியது. ஏ.டி.வி. பெல்ட்டுக்கு வேலை இரண்டு. தட்டைப் பிடிக்கவும் வேண்டும், அதே தட்டில் மேலும் கீழும் நகரவும் வேண்டும். குங்கிலியம் போட்டால் முதல் வேலை சில நிமிடம் நடக்கும், இரண்டாவது வேலை நின்றுபோகும். அந்தப் பிசின் சூட்டில் இளகி, திட்டுத்திட்டாகப் படியும். பெல்ட் அந்தத் திட்டில் ஏறும்போது உதறும்.

அதே பெரியவர்: சரி, கார் பேன் பெல்ட் தட்டை பெல்ட் இல்லையே, வி வடிவம்தானே? கீச்சென்று கத்தினால் அதற்கும் ஸ்பிரே விற்கிறார்களே!

விற்கிறார்கள். ஆனால் அந்தப் புல்லியின் பள்ளம் விரிவதும் இல்லை, சுருங்குவதும் இல்லை. பெல்ட் ஓடும் உயரமும் மாறாது. 1958இல் நெதர்லாந்தின் டாஃப் கம்பெனி ரப்பர் பெல்ட்டை வைத்துக் கியர் மாறும் காரைக் காட்டியபோதும் அந்தப் பெல்ட் உலர்ந்தே ஓடியது. இன்றைய ஏ.டி.வி.யும் அப்படித்தான். தட்டின் உலோகமும் பெல்ட்டின் ரப்பரும் நேருக்கு நேர் தொட வேண்டும் என்று கணக்கிட்டுத்தான் ஸ்பிரிங்கும் எடையும் வைத்திருக்கிறார்கள். நடுவில் மூன்றாவதாக ஒன்று வந்தால் அந்தக் கணக்கு கெடும்.

கோட்டையூர்: பெரியவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஸ்கூட்டர் பெல்ட்டுக்கு முகப்பவுடர் போட்டு ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சத்தம் நிற்கிறதே?

சத்தம் நிற்பதும் பிடி வருவதும் வேறு வேறு. பவுடர் வழுக்கலைத்தான் கூட்டும். ஆக்டிவாவாக இருந்தாலும் ஏ.டி.வி.யாக இருந்தாலும் பெல்ட் தத்துவம் ஒன்றே. ஸ்கூட்டரில் பின்புல்லிக்கு அடுத்து ஒரு உலர் கிளட்ச் இருக்கிறது. பவுடர் பறந்து அதன் ஷூவிலும் படியும். கிளம்பும்போது அதிர்வு வருகிறது என்று வருகிற ஸ்கூட்டரில் நான் முதலில் பார்ப்பது அந்த ஷூவில் தூசி சேர்ந்திருக்கிறதா என்றுதான்.

அதே பெரியவர்: ஒப்புக்கொள்கிறேன். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். மில்லில் நனைந்த பெல்ட்டை அடுப்பு, பாய்லர் பக்கம் காட்டமாட்டோம். கழற்றி நிழலில் தொங்கவிடுவோம்.

அதை அப்படியே ஏ.டி.வி.க்கும் எடுத்துக்கொள்ளலாம், ஐயா. ஹாட் ஏர் கன்னைப் பெல்ட்டில் காட்டுகிறவர்கள் இதைக் கவனியுங்கள். அளவுக்கு மீறிய சூடு ரப்பரை இறுக்கி வெடிக்கவைக்கும்.

புதுவயல்: காற்றுக் குழாயைச் சிலிக்கான் வைத்து முழுக்க அடைத்துவிட்டால் தண்ணீர் வரவே வராதே?

தண்ணீர் வராது, காற்றும் வராது. அந்தக் காற்றுதான் பெல்ட்டைக் குளிர்விக்கிறது. அடைத்துவிட்டு ஓட்டினால் பெல்ட் வெந்துவிடும். ஆழத்தில் இறங்குவது உறுதியென்றால் குழாயை உயர்த்துங்கள், அதிலும் ஒன்றை மட்டும் உயர்த்திப் பயனில்லை. இன்ஜின் காற்று, பெல்ட்டுக்குக் காற்று போகும் குழாய், வரும் குழாய், கியர் பெட்டியின் பிரீதர் (அது மூச்சுவிடும் சிறு குழாய்) எல்லாம் ஒரே உயரத்துக்கு வர வேண்டும். பிரீதரை மறந்துவிடுகிறார்கள். ஓடிச் சூடான கியர் பெட்டி குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளேயுள்ள காற்று சுருங்கும், பிரீதர் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். ஆயில் பால்போல வெளுத்திருந்தால் அதுதான் காரணம், மாற்றுங்கள்.

கானாடுகாத்தான்: ஏ.டி.வி.யை ரோட்டில் ஓட்ட நம்பர் வாங்க முடியுமா?

ஆர்.டி.ஓ. ஆபீசில் கேளுங்கள்.

குன்றக்குடி: கவரைத் திறக்காமல் சேற்றை எடுக்க ஏதாவது ஸ்பிரே உண்டா?

இல்லை. தேவகோட்டைக்காரருக்குச் சொன்ன பதில்தான்.

ஆத்தங்குடி: பெல்ட் வழுக்குகிறது, சிலிக்கான் ஸ்பிரே...

வேண்டாம். எந்த ஸ்பிரேயும் வேண்டாம். இதற்கு மேல் ஸ்பிரே பற்றிக் கேட்டால் பதில் எழுதமாட்டேன்.

காரைக்குடி, கல்லூரி மாணவர்: அண்ணா, தொண்டிக் கடற்கரையில் அலையில் ஓட்டிவிட்டோம். அன்றைக்கு நன்றாகத்தான் ஓடியது. இப்போது கியர் ஏறும்போது இழுத்துப் பிடிக்கிறது.

தம்பி, உப்பு வேலையைத் தொடங்கிவிட்டது. அலுமினியத் தட்டும் இரும்பு ஷாப்ட்டும் தொடும் இடத்தில் உப்புத் தண்ணீர் நின்றால் அலுமினியம் வேகமாக அரிபடும். உங்கள் ஊரிலேயே செக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது, அரிப்பைப் பற்றி ஆராய்கிறவர்கள். அங்கே யாரையாவது தெரிந்தால் கேட்டுப் பாருங்கள், விவரமாகச் சொல்வார்கள். என் பங்குக்கு: கடலில் இறங்கிய அன்றே கவரைத் திறந்து நல்ல தண்ணீரில் கழுவியிருக்க வேண்டும். இப்போது புல்லிகளைக் கழற்றி, புஷ்ஷில் வெள்ளைப் பொடி படிந்திருக்கிறதா பாருங்கள்.

கண்டனூர், தங்கும் விடுதி நடத்தும் ஆச்சி: வருகிற விருந்தினர்களுக்கு இரண்டு வண்டி விட்டிருக்கிறோம். ஓட்டத் தெரியாதவர்கள்தான் அதிகம். மழைக்காலத்தில் அவர்களுக்கு என்ன சொல்லி அனுப்புவது?

ஆச்சி, இரண்டு சொன்னால் போதும். சேறு, மேடு, மெதுவான ஓட்டம் எல்லாவற்றுக்கும் லோ கியர். ஹை கியரில் ஊர்ந்து போனால் பெல்ட் அரைகுறையாகப் பிடித்தபடியே வழுக்கிச் சூடாகும். இரண்டாவது, இன்ஜின் அலறி வண்டி நகராவிட்டால், அல்லது ரப்பர் கருகும் வாடை வந்தால், அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு உங்களுக்குப் போன் செய்ய வேண்டும். முயன்று பார்க்கிறேன் என்று ரேஸ் கொடுக்கும் அந்த அரை நிமிடத்தில்தான் பெல்ட் போகிறது.

உங்கள் பையன்களில் ஒருவருக்குப் பெல்ட் மாற்றக் கற்றுக்கொடுங்கள். ஒரு பெல்ட்டும் புல்லியை விரிக்கும் கருவியும் கையிருப்பில் இருக்கட்டும். புதுப் பெல்ட்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள், பெல்ட்டை வார்த்த அச்சிலிருந்து வரும் வழவழப்பு போய்விடும். முதல் 80 கிலோமீட்டர் வரை அந்த வண்டியை விருந்தினர்களுக்குக் கொடுக்காமல் தோட்டத்துக்குள் நிதானமாக நீங்களே ஓட்டிப் பழக்குங்கள், முழு ரேஸ் வேண்டாம்.