கேள்வி உங்களுது: ஆள் பத்து பேர், தராசு ஒண்ணு

பையனுக்கு எட்டு கோர் லேப்டாப் வாங்கிக் கொடுத்தேன். பழசுல ரெண்டு கோர்தான். அப்போ நாலு மடங்கு வேகம் வரணும்ல, வரலையே, ஏமாத்திட்டாங்களா? – வாசகர், பாலக்கோடு

ஏமாத்தலங்க. கோர்ங்கிறது கம்ப்யூட்டருக்குள்ள இருந்து கணக்குப் போடுற ஒரு ஆள் மாதிரி. மாசி பங்குனி வந்தா நம்ம பக்கம் திண்ணைக்குத் திண்ணை புளி தட்டுவாங்கல்ல, அதை வச்சே சொல்றேன். ஓடு உடைக்கணும், நார் உரிக்கணும், கொட்டை எடுக்கணும், இதையெல்லாம் எத்தனை பேர் வேணா பிரிச்சுக்கலாம், ஒருத்தர் கையை இன்னொருத்தர் எதிர்பார்க்க வேண்டியதே இல்ல. ஆனா கடைசில எடை போட்டு கூலி எழுத தராசு ஒண்ணுதான், அங்க எல்லாரும் வரிசைல நிக்கணும். ஒரு ஆளே செஞ்சா மொத்தம் 100 மணி நேரம், அதுல 90 தட்டுறதுக்கு, 10 தராசுக்குன்னு வச்சுக்கோங்க. பத்து பேர் வந்தா தட்டுறது 9 மணி நேரத்துல முடியும், தராசு அதே 10, ஆக 19. நூறு பேர் வந்தா 10.9. ஊரே திரண்டு வந்தாலும் 10 மணி நேரத்துக்கு கீழ இறங்காது, அதாவது எத்தனை ஆள் போட்டாலும் பத்து மடங்கு வேகம்தான் எல்லை. இதை 1967-லயே ஜீன் அம்டால்னு ஒருத்தர் சொல்லிட்டார், அம்டால் விதின்னே பேரு. உங்க பையன் ஓட்டுற சாஃப்ட்வேர்ல பிரிக்க முடியாத தராசு வேலை நிறைய இருக்கும், அதான் வித்தியாசம் தெரியல.

அப்போ ஆயிரக்கணக்குல ப்ராசசர் வச்சு மெஷின் கட்டுறவங்க என்ன பண்றாங்கன்னு கேப்பீங்க. அதுக்கு 1988-ல ஜான் குஸ்டாஃப்சன் பதில் சொன்னார்: பெரிய மெஷின் வச்சிருக்கிறவன் அதே சின்ன கணக்கை எடுத்துட்டு வர மாட்டான், கணக்கையும் பெருசாக்குவான், கணக்கு பெருசாக பெருசாக பிரிக்க முடிஞ்ச பங்கு ஏறும், பிரிக்க முடியாத பங்கு அவ்வளவா ஏறாது. 1024 ப்ராசசர்ல 1000 மடங்குக்கு மேல வேகம் எடுத்து காட்டிட்டுத்தான் சொன்னார். ரெண்டு பேர் சொன்னதுமே சரி, கேள்விதான் வேற வேற.

எம்.எஸ்சி. இயற்பியல் ப்ராஜெக்டுக்கு ஐசிங் மாடலை சி மொழில எழுதியிருக்கேன். 101க்கு 101 கட்டம், வலது ஓரத்தை இடது ஓரத்தோட சேர்த்து ஒட்டியிருக்கேன், மேல கீழயும் அப்படியே. ஒரு த்ரெட்ல ஓட்டினா சரியா வருது. 8 த்ரெட்ல ஓட்டினா ஒவ்வொரு தடவையும் வேற விடை, காந்த அளவும் தப்பு. கறுப்பு வெள்ளையா பிரிச்சும் பார்த்துட்டேன், சரியாகல. – மாணவி, அரூர்

உங்க கடிதத்தைப் படிச்சதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம், ஏன்னா 101ன்னு அந்த எண்ணையும் சேர்த்து எழுதியிருக்கீங்க, பாதி வியாதி அதுலயே இருக்கு.

மத்த வாசகர்களுக்காக ரெண்டு வரி. த்ரெட்னா ஒரே ப்ரோக்ராமுக்குள்ள ஒரே நேரத்துல ஓடுற தனித்தனி வேலை. ஐசிங் மாடல்னா காந்தத்தை கட்டம் கட்டமா வச்சுப் பார்க்கிற கணக்கு. ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு குட்டி காந்தம், மேல பார்க்கும் இல்ல கீழ பார்க்கும். பக்கத்துல இருக்கிற நாலு பேர் எப்படி பார்க்கிறாங்களோ அப்படியே தானும் பார்க்கணும்னு அதுக்கு ஆசை, வெப்பம் அந்த ஆசையைக் கலைக்கும். ஐசிங் 1925-ல ஒரே வரிசைக்கு மட்டும் விடை கண்டார், கட்டத்துக்கு 1944-ல ஓன்சாகர் கண்டார், வெப்பநிலை 2.269-ஐ (டிகிரி இல்ல, இந்த மாடலோட சொந்த அலகுல) தாண்டினா காந்தத்தன்மை போயிடும்னு அந்தக் கணக்கு சொல்லுது.

இப்போ எட்டு த்ரெட்டும் எல்லா கட்டத்தையும் ஒரே நேரத்துல மாத்தினா என்ன ஆகும்? பக்கத்து பக்கத்துல ரெண்டு பேர், ஒருத்தர் மேல, ஒருத்தர் கீழ. அவர் மாதிரி ஆகணும்னு இவர் திரும்புறார், அதே நொடில இவர் மாதிரி ஆகணும்னு அவரும் திரும்புறார். மறுபடியும் எதிரெதிர். கட்டம் முழுக்க இப்படி மாறி மாறி இருந்தா குளிர்ல எல்லாரும் காலம் பூரா திரும்பிக்கிட்டேதான் இருப்பாங்க, ஒத்துப்போகவே மாட்டாங்க. அதுக்குத்தான் நீங்க செஞ்ச பிரிப்பு. வாசல்ல நேர்ப்புள்ளி வச்சு ஒண்ணு விட்டு ஒண்ணு மாவு, காவின்னு போட்ட மாதிரி நினைச்சுக்கோங்க: ஒரு மாவுப் புள்ளிக்கு நாலு பக்கமும் காவிதான். அதனால மாவு எல்லாத்தையும் ஒரே நேரத்துல மாத்தலாம், யாரும் யாரையும் பாதிக்க மாட்டாங்க, அப்புறம் காவி. அருமையான வழி, எனக்கு இந்தத் துறையிலயே ரொம்ப பிடிச்ச விஷயம் இதுதான், இயற்கை பக்கத்து வீட்டோட மட்டும்தான் பேசுது, அதனாலதான் அதோட கணக்கை இவ்வளவு அழகா பங்கு போட முடியுது.

ஆனா 101 ஒற்றைப்படை! முதல் புள்ளி மாவுன்னா 101-வது புள்ளியும் மாவு. ஓரத்தை ஒட்டினதும் மாவும் மாவும் பக்கத்து பக்கத்துல வந்துடுச்சு. அந்தத் தையல் ஓரம் முழுக்க ஒரு த்ரெட் எழுதிட்டு இருக்கிறதை இன்னொண்ணு படிக்கும். கட்டத்தை 100 ஆக்குங்க, இல்ல 128.

ஒவ்வொரு தடவையும் விடை மாறுதுன்னீங்கல்ல, அதுல இன்னொண்ணும் இருக்கு. ரேண்டம் நம்பருக்கு சி-ல வழக்கமா வர்ற ராண்ட் போட்டிருப்பீங்கன்னு நினைக்கிறேன், அது ஒரே ஒரு குடத்துல எட்டு பேர் தண்ணி மோக்கிற மாதிரி, உள்ள இருக்கிற நிலையை எல்லாரும் ஒரே நேரத்துல கலைச்சுடலாம், ஒரே எண் ரெண்டு பேருக்கு போகலாம். ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனி ஜெனரேட்டர், தனி விதை எண் கொடுங்க.

இன்னும் ஒண்ணு, சுற்றுக்கு சுற்று ஆற்றலைக் கூட்டி வைக்கிற இடத்துல ஃப்ளோட் (குறைஞ்ச இலக்கம் மட்டும் வச்சுக்கிற எண் வகை) போட்டிருந்தா டபுளா (அதிக இலக்கம் வச்சுக்கிற வகை) மாத்துங்க. 32 பிட் ஃப்ளோட்ல 1,67,77,216 கூட 1 கூட்டினா மறுபடியும் 1,67,77,216-தான் வரும், அந்த ஒண்ணு காணாமலே போயிடும். அந்த அளவைத் தாண்டினா எந்த வரிசைல கூட்டினோம்கிறதைப் பொறுத்து விடை மாறும், எட்டு த்ரெட்ல எது முன்ன முடிக்கும்னு யாருக்கும் தெரியாது.

எல்லாம் மாத்தினதும் வெப்பநிலை 2-ல ஓட்டுங்க, காந்த அளவு (எல்லாரும் ஒரே பக்கம் பார்த்தா 1) 0.911 பக்கம் வரணும். 1952-ல யாங் வெளியிட்ட சூத்திரத்துல வர்ற எண் அது, உங்க ப்ரோக்ராம் தர்ற விடையை அதோட ஒப்பிட்டுப் பாருங்க. வந்தா எனக்கு கண்டிப்பா எழுதுங்க.

இவ்வளவு பெரிய கம்ப்யூட்டர் இருக்கே, கணிதத் தேற்றத்தையெல்லாம் எண் எண்ணா சோதிச்சே நிரூபிச்சுட முடியாதா? – வாசகர், ஓசூர்

முடியாதுங்க. பகா எண்களைப் பத்தி போல்யாங்கிற கணிதவியலாளர் 1919-ல ஒரு கணிப்பு சொன்னார்: ஒரு எண் வரைக்கும் எண்ணிப் பார்த்தா, ஒற்றைப்படை எண்ணிக்கைல பகாக் காரணி (12-ன்னா 2, 2, 3னு மூணு) உள்ளவைதான் பாதிக்குக் குறையாம இருக்கும்னு. கோடி கோடியா சோதிச்சாலும் சரியாவே வரும். அது தப்புன்னு 1958-ல நிரூபணம் வந்துச்சு, முதல் தடவை தப்புற இடம் 90,61,50,257-னு 1980-லதான் கண்டுபிடிச்சாங்க. சோதனை வழி காட்டும், நிரூபிக்காது.

நான் ப்ளஸ் டூ படிக்கிறேன். கோட்பாட்டு இயற்பியல் படிக்க ஆசை. எங்க ஊர்ல லேபும் இல்ல, பெரிய கம்ப்யூட்டரும் இல்ல. என்னால முடியுமா? – மாணவி, பென்னாகரம்

முடியும்மா. சென்னை தரமணில கணித அறிவியல் நிறுவனம்னு ஒண்ணு இருக்கு, 1962-ல ஆரம்பிச்சது. அங்க 2004-ல 144 சாதாரண கம்ப்யூட்டரை ஒண்ணோட ஒண்ணு இணைச்சு கபுருன்னு இமயமலைச் சிகரத்தோட பேரு வச்சு ஒரு கூட்டு மெஷின் கட்டினாங்க. எதுக்கு தெரியுமா, 1974-ல கென்னத் வில்சன் காட்டின வழில, இடத்தையும் காலத்தையும் புள்ளி புள்ளியா வச்சு அணுக்கருவுக்குள்ள இருக்கிற விசையைக் கணக்குப் போட. மேல அரூர் அக்காவுக்கு சொன்ன அதே புள்ளிதான், இங்க நாலு திசை, ஒரு புள்ளிக்கு எட்டு பக்கத்து வீடு. இதே வழில 2008-ல புரோட்டானோட நிறையையே சில சதவீதப் பிழைக்குள்ள கணக்குப் போட்டு எடுத்தாங்க.

இயற்பியலோ கணிதமோ நல்லா படி, டிகிரிக்கு ஐசர்ங்கிற (IISER) மத்திய அரசு அறிவியல் கல்வி நிறுவனங்களோட நுழைவுத்தேர்வும் எழுது, பின்னாடி ஆராய்ச்சிக்கு ஜெஸ்ட்னு (JEST) ஒரு தேர்வு இருக்கு, தரமணிக்கு அது வழியா போகலாம்.

இப்போதைக்கு யார் வீட்டுலயாவது ஒரு பழைய லேப்டாப் கிடைச்சாலே போதும். 4க்கு 4 கட்டத்துல அந்த காந்தங்களை வை. மொத்தம் 65,536 விதமா இருக்க முடியும், ஒண்ணு விடாம எண்ணி ஆற்றலைக் கணக்குப் போட ஒரு சின்ன ப்ரோக்ராம் எழுது, நொடில முடிஞ்சுடும். அப்புறம் 6க்கு 6 வச்சுப் பாரு, 6,871 கோடியைத் தாண்டும், லேப்டாப் திணறும். எந்த இடத்துல திணறுது, ஏன்னு நோட்டுல எழுதி வை, அடுத்த இதழ்ல அதுலிருந்தே பேசலாம்.