வினிகர் பாட்டிலை முதலில் மூடி வையுங்கள்

கேள்வி: மாமா சேர்த்து வைத்திருந்த கனிமத் துண்டுகள் இப்போது என்னிடம். எல்லாவற்றிலும் தூசி. கண்ணாடிக் கட்டி போன்ற ஒன்றைக் குழாயில் கழுவினேன். முனைகள் மழுங்கி, பளபளப்பும் போய்விட்டது. மற்றவற்றை வினிகரில் ஊற வைத்துப் பழைய பல் தேய்க்கும் பிரஷால் தேய்க்கலாமா?

பதில்: நீங்கள் கழுவியது அநேகமாக ஹாலைட். நம் சமையல் உப்பேதான், படிகமாக வளர்ந்தது. கரைந்த முனை இனி திரும்பாது.

வினிகர் வேண்டவே வேண்டாம். கால்சைட், மாலகைட், அசுரைட் எல்லாம் கார்பனேட்டுகள். அமிலம் பட்டால் அழுக்கோடு படிகத்தின் மேற்பரப்பும் கரையும்.

பிரஷ் விஷயத்தில் பலர் ஏமாறுவது இப்படித்தான்: கீறல் விழுவது பிரஷால் மட்டுமல்ல, தூசியாலும்தான். தூசியில் குவார்ட்ஸ் துகள்கள் இருக்கும். கனிமங்களின் கடினத்தைச் சொல்லும் மோஸ் அளவில் அதன் கடினம் 7. ஜிப்சம் 2, கால்சைட் 3. அழுத்தித் தேய்த்தால் உப்புத்தாள் போட்ட மாதிரிதான். அதனால் முதலில் கேமரா லென்ஸ் துடைப்பவர்கள் வைத்திருக்கும் ரப்பர் குமிழால் காற்றடியுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். அப்புறம் ஒட்டிக்கொண்டிருப்பதை மட்டும் மென்மையான ஓவியத் தூரிகையால் தட்டி விடுங்கள். முடி போல ஊசி ஊசியாக நிற்கும் படிகங்களில் தூரிகையும் படக்கூடாது. தள்ளி நின்று காற்று மட்டும்.

தண்ணீர் கடைசி வழி. குவார்ட்ஸ் என்று உறுதியாகத் தெரிந்தால் வெதுவெதுப்பான நீரும் ஒரு சொட்டு பாத்திர சோப்பும் போதும். ஃபுளோரைட்டை வெந்நீரில் போட்டால் விரிசல் விடலாம். பைரைட்டின் வெடிப்புகளில் ஈரம் தங்கினால், நாளடைவில் கந்தக அமிலம் உண்டாகிப் பெட்டியையும் சேர்த்து அரிக்கும்.

சிவப்பு, ஆரஞ்சு நிறத் துண்டுகள் ஏதாவது இருந்தால் அடையாளம் தெரியும்வரை தொடாதீர்கள். ரியால்கரில் ஆர்செனிக், சின்னபாரில் பாதரசம். ரியால்கர் வெளிச்சத்திலேயே மஞ்சள் பொடியாகிவிடும். நார் நாராக இருப்பது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம், அதில் காற்றே அடிக்காதீர்கள்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன்: மாமா எழுதி வைத்த சீட்டுகள் இருக்கின்றனவா? எது எந்தத் துண்டுடையது என்று குழம்பாமல், ஒவ்வொன்றாக எடுத்துச் சுத்தம் செய்யுங்கள். பெயரும் கிடைத்த இடமும் தொலைந்தால் சேகரிப்பாளருக்கு அது வெறும் கல்.

மழுங்கிய அந்த ஹாலைட்டை எறிந்துவிடாதீர்கள். நன்றாக உலர்த்தி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.