மோதலைத் தவிர்க்கும் படிப்பும் பெரியப்பாவின் அவசரமும்

சென்ற வாரம் காரைக்குடியிலிருந்து ஒரு தாயும் தந்தையும் தங்கள் மகனோடு என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். பிளஸ் டூவில் இயற்பியலிலும் கணக்கிலும் நல்ல மதிப்பெண் எடுத்திருக்கும் அந்தப் பையன், கப்பலைச் செலுத்தும் டெக் அதிகாரியாக வேண்டும் என்று இரண்டு ஆண்டுகளாகச் சொல்லிவருகிறான். சென்னையிலுள்ள பெரியப்பாவோ மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இடம் பேசி வைத்துவிட்டு, முன்பணம் கட்டச் சொல்லி நாள்தோறும் அழைக்கிறார். தாயின் கவலை வேறு. "நடுக்கடலில், இருட்டில், இரண்டு கப்பல் மோதிக்கொண்டால் என் பிள்ளை என்ன ஆவான்?" என்று கேட்டார்.

அப்படியெல்லாம் நடக்காது என்று சொல்லி அவரை அனுப்பிவைக்க எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் நடக்கிறது. 2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, கரையில் ஒதுங்கிய எண்ணெயை மக்கள் வாளிகளில் அள்ளியதை நாம் கண்டோம். 1956 ஜூலை 25 இரவு அமெரிக்காவின் நான்டுக்கெட் தீவுக்கு அப்பால் பனிமூட்டத்தில் ஆன்ட்ரியா டோரியா, ஸ்டாக்ஹோம் என்ற இரண்டு பயணிகள் கப்பல்கள் மோதி 51 பேர் இறந்தபோது, இரண்டு கப்பல்களிலுமே ரேடார் இருந்தது. ஒன்று மற்றொன்றைத் திரையில் பார்த்துக்கொண்டும் இருந்தது. ஒன்று இடப்புறமும் மற்றது வலப்புறமும் திரும்பி ஒன்றின் பாதையில் ஒன்று வந்து சேர்ந்தன. அம்மா, அந்தத் திரையைச் சரியாகப் படிப்பதுதான் உங்கள் மகன் கற்க விரும்பும் தொழில்.

அதில் என்ன இருக்கிறது என்று யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். கப்பலின் ரேடார் அனுப்பும் ரேடியோ அலை எதிரே உள்ள பொருளில் பட்டுத் திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கொண்டு தூரத்தையும், ஆன்டெனா நோக்கிய திசையைக் கொண்டு பேரிங்கையும், அதாவது அந்தப் பொருள் எந்தத் திசைக்கோணத்தில் இருக்கிறது என்பதையும், காட்டுகிறது. ஒரு புள்ளி 10 கடல் மைலில் தெரிந்து, 6 நிமிடம் கழித்து அதே பேரிங்கில் 8 மைலுக்கு வந்தால், 6 நிமிடம் ஒரு மணியில் பத்தில் ஒரு பங்கு என்பதால் நெருங்கும் வேகம் மணிக்கு 20 மைல். பேரிங் மாறாமல் தூரம் மட்டும் குறைந்துகொண்டே போவது மோதலின் அறிகுறி. மிச்சமுள்ள 8 மைலுக்கு இந்த வேகத்தில் இன்னும் 24 நிமிடங்கள்தான் மீதம். இந்தக் கணக்கைக் கருவியே போட்டு, எவ்வளவு அருகில், எத்தனை நிமிடத்தில் கடக்கும் என்று காட்டிவிடும் காலம் இது. ஆனாலும் அலையும் மழையும் எழுப்பும் எதிரொலியை அடக்க ரேடாரின் குமிழைக் கூடுதலாகத் திருப்பிவிட்டால், நம் மீனவர்களின் ஃபைபர் படகின் மெலிந்த எதிரொலியும் சேர்ந்து மறைந்துபோகும். மழையில் 3 செ.மீ. அலைநீள ரேடாரைவிட 10 செ.மீ. ரேடார் தெளிவாகக் காட்டும் என்பதையும், எதை எப்போது பார்க்க வேண்டும் என்பதையும் கருவி தானாகச் சொல்லாது. 1972-ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தவிர்ப்பு விதிகளில் ஏழாவது விதி, போதாத ரேடார் தகவலை வைத்து அனுமானம் செய்யக் கூடாது என்றே எச்சரிக்கிறது. எட்டாவது விதியோ, திசை மாற்றினால் எதிர்க்கப்பலின் திரையிலும் உடனே தெரியும் அளவுக்குப் பெரிதாக மாற்று, சிறிது சிறிதாக மாற்றாதே என்கிறது. இவற்றைச் சிமுலேட்டரில் அமர்ந்து, பனிமூட்டத்தையும் நெரிசலான கடல்வழியையும் திரும்பத் திரும்பச் சந்தித்துப் பழகிய பிறகே டெக் அதிகாரியின் முதல் தகுதிச் சான்றான செகண்ட் மேட் சான்றிதழுக்கு வழி உண்டு.

வழி நேரானது. இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வு, டிஎன்எஸ் எனப்படும் ஓராண்டு நாட்டிகல் சயின்ஸ் டிப்ளமோ படிப்பு, பிறகு 18 மாதம் டெக் கேடட்டாக, அதாவது பயிற்சி அதிகாரியாகக் கடலில் பயிற்சி, அதன்பின் செகண்ட் மேட் தேர்வு. பி.எஸ்சி. நாட்டிகல் சயின்ஸ் படித்துச் செல்வோரும் உண்டு.

பணத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கடற்பயிற்சிக்கு எடுத்துக்கொள்வதாகக் கப்பல் நிறுவனம் தரும் ஸ்பான்சர்ஷிப் கடிதம் கையில் இல்லாமல் டிஎன்எஸ் கட்டணம் கட்டாதீர்கள். கேடட் இடம் கிடைக்காமல் கரையிலேயே காத்திருக்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். கப்பலில் சேர்த்துவிட லட்சங்கள் கேட்கும் ஏஜென்ட்டிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். அனுமதி பெற்ற ஆள்சேர்ப்பு நிறுவனம் வேலைக்காக மாலுமியிடம் பணம் வாங்கக் கூடாது என்பது சட்டம். கல்லூரிக்குக் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்பதையும் நீங்களே சரிபாருங்கள். கடன் வாங்கி மேனேஜ்மென்ட் கோட்டா கட்டுவதை நான் இன்னும் கடுமையாக மறுக்கிறேன், ஏனெனில் அந்தப் படிப்பைக் கேட்பவர் பெரியப்பா. உங்கள் மகன் ஒருநாளும் கேட்கவில்லை.

பேச்சின் நடுவே அந்த 6 நிமிடக் கணக்கைப் பையனிடம் கொடுத்தேன். பேனா எடுக்காமல் "24 நிமிஷம்" என்றவன், "ஆனால் அந்தக் கப்பல் அதற்குள் திரும்பினால் மறுபடியும் பார்க்க வேண்டும், இல்லையா?" என்று கேட்டான். அந்தக் கேள்வியைக் கேட்கும் பிள்ளையை வேறு படிப்புக்குத் தள்ள எனக்கு உரிமை இல்லை, உங்களுக்கும் இல்லை.

ஆனாலும் ஒன்று அவன் விருப்பத்தையும் மிஞ்சியது. இரவில் எதிரே வருவது கப்பலின் இடப்பக்கமா வலப்பக்கமா என்பதைச் சிவப்பு, பச்சை விளக்குகளைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும் என்பதால் நிறக்குருடு இருந்தால் டெக் வேலைக்கு எடுக்க மாட்டார்கள். பார்வைக் கூர்மைக்கும் கடுமையான அளவுகோல் உண்டு. எனவே பெரியப்பாவின் அடுத்த அழைப்புக்கு முன்பாக, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவரிடம் அவனை அழைத்துச் சென்று கண்ணைப் பரிசோதித்து வாருங்கள். முன்பணம் அதுவரை வங்கியிலேயே இருக்கட்டும்.