சிவனொளிபாத மலைப் பக்கம் கூட்டமாகப் போகும் மஞ்சள் வண்ணத்துப்பூச்சி எது? எப்படி அடையாளம் காண்பது?

மாசி, பங்குனியில் பார்த்திருந்தால் பெரும்பாலும் அது கொன்னை வெள்ளையன். அறிவியல் பெயர் கெட்டோப்சிலியா பொமோனா. நான் மஸ்கெலியாப் பக்கம் வளர்ந்தவன். தேயிலை மலைக்கு மேலே இவை போவதைச் சின்ன வயதிலிருந்தே பார்க்கிறேன். சிங்களத்தில் வண்ணத்துப்பூச்சியைச் சமனலயா என்பார்கள், மலைக்கும் சமனலகந்த என்று பெயர். "அதுகளும் பாதம் கும்பிடத்தான் போகுது" என்பார் எங்கள் அப்பாயி.

பறக்கும்போது இனம் பிரிப்பது கஷ்டம். அத்தனை வேகம். ஆணின் சிறகு உடம்போரம் எலுமிச்சை மஞ்சள், மற்றது சுண்ணாம்பு வெள்ளை; அவ்வளவுதான் கண்ணில் படும். அதனால் ஓடைக்கரைக்குப் போங்கள். ஈரமண்ணில் உப்பு உறிஞ்ச ஆண்கள் கும்பலாக இறங்கும். சிறகை மூடியபடி உட்காரும் என்பதால் கீழ்ப்பக்கத்தையும் உணர்கொம்பையும் நிதானமாகப் பார்க்கலாம்.

நான் ஏமாந்ததும் அங்கேதான். ஒரே ஈரத்திட்டில் இரண்டு உட்கார்ந்திருந்தன. ஒன்றுக்கு உணர்கொம்பு சிவப்பு, சிறகில் செம்பழுப்பு வளையத்துக்குள் சின்னதாய் வெள்ளிப் பொட்டு. மற்றதற்குக் கொம்பு கறுப்பு, சிறகில் பொட்டே இல்லை. இரண்டு இனம் என்று நோட்டில் எழுதிவிட்டேன். பல வருடம் கழித்துத்தான் இரண்டும் கொன்னை வெள்ளையனே என்று தெரிந்தது. பூச்சியியலாரே இவற்றை வெகுகாலம் பொமோனா, குரோகேல் என்று தனித்தனி இனமாக வைத்திருந்தார்கள்.

உண்மையில் குழப்புவது தகரை வெள்ளையன் என்ற வேறு இனம். அதன் கீழ்ப்பக்கம் பச்சை பூசிய வெளிர்நிறம், அதில் பென்சிலால் கீறியதுபோலப் பொடிக்கோடுகள் அடர்ந்திருக்கும். நீங்கள் எடுத்த படத்தைப் பெரிதாக்கி அந்தக் கீறலைத் தேடுங்கள்.

கூட்டமாக இடம்பெயரும் வலசைதானா என்று அறிய, இரண்டு மரத்துக்கு நடுவே கடந்து போவதை 5 நிமிடம் எண்ணுங்கள். எதிர்த்திசையில் போவதையும் தனியாகக் குறியுங்கள். வலசை என்றால் கிட்டத்தட்ட எல்லாமே ஒரே திசைதான். லயத்துக் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) கூரை குறுக்கே வந்தாலும் சுற்றிப் போகாது. மேலேறி, அந்தப் பக்கம் இறங்கி, விட்ட திசையிலேயே போகும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சிலிர்க்கும்.

தயவுசெய்து வலை போட்டுப் பிடிக்காதீர்கள், படமே போதும். பக்கத்தில் கொன்றை மரம் இருந்தால் தளிர்களையும் பாருங்கள்; நெல்மணியைவிடச் சிறிய வெள்ளை முட்டை நிமிர்ந்து நிற்கும். உணர்கொம்பு தெரிகிற படம் கிடைத்தால் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.